லேப்டாப் தானாக அப்டேட் ஆவது நல்லதா? 78 நிமிடங்கள் சொல்லும் பாடம்

காலையில் லேப்டாப்பைத் திறக்கிறீர்கள். 'ஃபர்ம்வேர் அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்' என்று திரையில் வருகிறது. பத்து மணிக்கு மீட்டிங். நீங்கள் எந்த பட்டனையும் அழுத்தவில்லையே, யார் தொடங்கியது? உங்கள் ஐடி டீம் எப்போதோ எழுதிவைத்த ஒரு விதி.

ஏன் அப்படிச் செய்கிறார்கள்? மைசூரு தேவராஜ மொஹல்லாவில் 60 லேப்டாப் உள்ள ஒரு சின்ன ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு அரை மணி நேரம் என்றாலும் 30 மணி நேரம். ஐடி ஆள் ஒருவருக்கு கிட்டத்தட்ட நான்கு நாள் வேலை. 6,000 கணினி உள்ள நிறுவனத்தில் கையால் செய்வது நடக்காத காரியம்.

டிரைவர், ஃபர்ம்வேர்: என்ன வித்தியாசம்?

விண்டோஸுக்கும் வைஃபை, பிரிண்டர் போன்ற கருவிகளுக்கும் இடையே பேசும் மென்பொருள்தான் டிரைவர். ஃபர்ம்வேர் அதற்கும் அடியில், மதர்போர்டு சிப்பிலேயே இருப்பது. விண்டோஸுக்கு முன்பே அது விழித்துக்கொள்ளும். டிரைவர் சொதப்பினால் பெரும்பாலும் பழையதற்குத் திரும்பலாம். ஃபர்ம்வேர் அப்டேட் பாதியில் நின்றால் கணினி ஆன் ஆகாமலே போகலாம்.

2024 ஜூலை 19 அன்று என்ன நடந்தது?

இந்திய நேரப்படி காலை 9.39-க்கு, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்ன ஃபைலை அனுப்பியது. அந்த மென்பொருள் டிரைவராக விண்டோஸின் மையப் பகுதியில் இயங்குவது. அதற்கு வந்துசேர்ந்த உள்ளீடுகள் 20. புது ஃபைல் 21-ஆவதைத் தேடியது. அவ்வளவுதான், நீலத்திரை.

10.57-க்கு ஃபைலைத் திரும்பப் பெற்றார்கள். அந்த 78 நிமிடங்களில் விழுந்தவை, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, 85 லட்சம் கணினிகள். இண்டிகோ சுமார் 200 விமானங்களை ரத்து செய்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸை கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'புது வெர்ஷன் உடனே வேண்டாம், ஒரு படி பின்னாலேயே இருக்கிறோம்' என்று செட்டிங் வைத்திருந்த நிறுவனங்களும் தப்பவில்லை. ஏன்னா, அந்த செட்டிங் இந்த வகை ஃபைல்களுக்குப் பொருந்தவே இல்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

அப்போ அப்டேட்டை நிறுத்திவிடலாமா?

கூடாது. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது, அதைத் தடுக்கும் அப்டேட் வெளியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கணினி ஆன் ஆகும்போது போலி மென்பொருள் நுழையாமல் தடுக்கும் 'செக்யூர் பூட்' வசதிக்கான 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகின்றன. புதியவை வராத கணினியும் வழக்கம்போல ஓடும். ஆனால் பூட் பகுதிக்கான புதிய பாதுகாப்பு அதற்குக் கிடைக்காது. சில மாடல்களுக்கு முதலில் ஃபர்ம்வேரையே அப்டேட் செய்தாக வேண்டும்.

எப்படிச் செய்யலாம்?

படிப்படியாக. அந்த 60 லேப்டாப்பில், மாடலுக்கு ஒன்றாக முதலில் நான்கைந்து. ஒரு வாரம் பிரச்னை இல்லையென்றால் அடுத்து 15. பிறகு மீதி. இன்ட்யூன் போன்ற கருவிகளில் டிரைவர்களுக்கு இப்படிக் குழு பிரித்து, நாள் தள்ளி அனுப்ப வழி உண்டு. சம்பளம் போடும் நாளில் மட்டும் கணக்குப் பிரிவைத் தொடாமல் இருப்பது நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியது? அப்டேட் முடியும்வரை சார்ஜரைக் கழற்றாதீர்கள். பிறகு ஐடி டீமிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம பிட்லாக்கர் ரெக்கவரி கீ எங்கே இருக்கு?" ஃபர்ம்வேர் மாறியபின் சில நேரம் கணினி அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கும். ஜூலை 19 அன்று பல அலுவலகங்களில் வேலை தாமதமானதற்கு அந்த எண்ணைத் தேட வேண்டியிருந்ததும் ஒரு காரணம்.