தீர்ப்பு வரும், தீவு வருமா?

"கோர்ட்டிலே வழக்குப் போட்டார்களே, தீர்ப்பு நம் பக்கம் வந்துவிட்டால் கச்சத்தீவு நம் கைக்கு வந்துவிடுமா?"

இராமேசுவரம் கடற்கரையிலே, பாம்பனிலே, தங்கச்சிமடத்துத் தேநீர்க் கடைகளிலே நம் தோழர்களைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி இது. வலையைத் தோளிலே சுமந்து நிற்கும் மீனவர் கேட்கிறார். கடலுக்குப் போன மகன் இலங்கைச் சிறையிலே கிடக்கிறான் என்று கலங்கி நிற்கும் தாய் கேட்கிறார். "வந்துவிடும்" என்று மேடையிலே முழங்கிவிட்டுப் போவது எளிது. "வராது" என்று கைவிரிப்பது அதைவிட எளிது. இரண்டுமே ஏய்ப்பு. உயிரைப் பணயம் வைத்துப் பிழைப்பவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்லும் கடமை நமக்கு உண்டு.

வழக்கு என்ன? 2008-இல் ஜெயலலிதா அவர்களும், 2013-இல் கலைஞர் கருணாநிதி அவர்களும் உச்சநீதி மன்றத்தின் கதவைத் தட்டினர். வாழ்நாள் முழுதும் எதிரெதிர் அணியில் நின்ற இருவரும் இந்த ஒன்றிலே ஒரே வாசலில் நின்றனர். 1974, 1976 ஆம் ஆண்டுகளில் இந்திராகாந்தி சர்க்கார் இலங்கையுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் வழியே தீவை விட்டுக்கொடுத்தது அரசியல் சட்டப்படி செல்லாது என்று மன்றம் அறிவிக்க வேண்டும் என்பதே கோரிக்கையின் சாரம். இப்படி உரிமை இன்னாருடையது, இன்ன செயல் செல்லாது என்று மன்றம் எடுத்துரைப்பதற்குச் சட்டத்திலே 'விளம்புகை' என்று பெயர்.

விளம்புகையின் வலிமையை நம் ஊர் வழக்கிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். உம்முடைய பனந்தோப்பை "உன்னுடையதல்ல" என்கிறான் பக்கத்துத் தோப்புக்காரன். முன்சீப் கோர்ட்டுக்குப் போகிறீர். "தோப்பு இவருடையது" என்று தீர்ப்பு வருகிறது. உம் தலைமேல் தொங்கிய சந்தேகம் தீர்ந்தது. ஆனால், அவன் ஏற்கெனவே வேலியைப் பிடுங்கித் தோப்பைக் கைப்பற்றியிருந்தால்? விளம்புகை மட்டும் போதாது. சுவாதீனமும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். கேட்க முடிந்தும் கேளாதவருக்கு வெறும் விளம்புகை தருவதற்கில்லை என்கிறது 1963 ஆம் ஆண்டின் தனிவகைத் தீர்வழிச் சட்டத்து 34 ஆவது பிரிவு. உரிமையைச் சொல்வது வேறு, உடைமையை மீட்பது வேறு என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

கச்சத்தீவு யார் கையில்? இந்திய மன்றத்தின் அமீனா போக முடியாத இன்னொரு நாட்டின் கையில்! டெல்லியிலே எழுதப்படும் தீர்ப்பு கொழும்பைக் கட்டுப்படுத்தாது. உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டி ஒப்பந்தத்தைத் தள்ளிவிட, உலகச் சட்டமும் எளிதில் இடம் தருவதில்லை. இதை மறைத்துப் பேசுவது மக்களை ஏமாற்றுவதாகும்.

அப்படியானால் வழக்கு வீணா? வீண் அல்ல! விளம்புகை கொழும்பைக் கட்டுப்படுத்தாது; டெல்லியைக் கட்டுப்படுத்தும். சென்னை மாநிலத்தின்மீது தொடுக்கப்பட்ட கோச்சுண்ணி வழக்கிலே, அடிப்படை உரிமைகளைக் காக்க விளம்புகை தரவும் தனக்கு அதிகாரம் உண்டு என்று 1959-இலேயே உச்சநீதி மன்றம் சொல்லியிருக்கிறது.

அடுத்த ஆண்டே பெருபாரி வந்தது. வங்காளத்துப் பெருபாரி யூனியனின் ஒரு பாதியைப் பாகிஸ்தானுக்குத் தர 1958-இல் நேரு பெருமான் இசைந்திருந்தார். அது முடியுமா என்று குடியரசுத் தலைவர் உச்சநீதி மன்றத்தைக் கேட்டார். அரசியல் சட்டத்தைத் திருத்தாமல் நாட்டின் நிலத்தைக் கொடுக்க முடியாது என்று 1960-இல் மன்றம் கருத்துரைத்தது. பிரதமரின் கையெழுத்து மட்டும் போதவில்லை. அதே ஆண்டில் ஒன்பதாவது திருத்தம் கொண்டுவர வேண்டியதாயிற்று. கச்சத்தீவுக்கு அப்படித் திருத்தம் ஏதும் செய்யப்படவில்லை. பெருபாரிக்கு ஒரு நீதி, இராமநாதபுரத்துக்கு ஒரு நீதியா?

எதிர்வாதத்தையும் எடை போட்டுத்தான் ஆகவேண்டும். கட்சு எல்லை வழக்கிலே 1969-இல், எல்லைத் தகராறைத் தீர்த்துக்கொள்வது நிலத்தைக் கொடுப்பதாகாது, அதற்குத் திருத்தம் தேவையில்லை என்றது அதே மன்றம். மத்திய சர்க்கார் பற்றிக்கொண்டிருக்கும் கொம்பு இதுதான். தீவு என்றுமே தகராறில் இருந்தது, எல்லை வகுக்கப்படவில்லை, ஆகவே எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று 2013-இல் மன்றத்தில் சொன்னது. மறு ஆண்டில் தலைமை வழக்கறிஞரோ, தீவு 1974 ஒப்பந்தப்படி போய்விட்டது, மீட்பதானால் போர்தான் தொடுக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். நாம் கேட்கிறோம்: நம்மிடம் இல்லாத ஒன்று நம்மைவிட்டு எப்படிப் போகும்?

ஆக, வழக்கின் உயிர்நாடி ஒரே கேள்வி: அது நம் நிலமா, தகராற்று நிலமா? இராமநாதபுரம் ஜமீனின் உடைமை என்பதற்குப் பழைய ஆவணங்களைத் தமிழகம் காட்டுகிறது. 1921-இல் மீன்பிடி எல்லை பற்றிப் பேசிய நாளிலிருந்தே தன் உரிமையைச் சொல்லிவந்தோம் என்கிறது இலங்கை. மேடை முழக்கமல்ல, ஆவணமே இதைத் தீர்க்கும். மனுப்போட்ட இருவரும் மறைந்துவிட்டனர். கேட்ட விளம்புகை அவர்கள் வாழ்நாளில் வரவில்லை.

சொல் மட்டும் தீவை மீட்குமா என்பார்க்குச் சாகோஸ் தீவுகளைக் காட்டுவோம். அங்கே பிரிட்டன் தன் ஆட்சியை முடித்துக்கொள்ள வேண்டும் என்று 2019-இல் உலக நீதிமன்றம் கருத்துரைத்தது. யாரையும் கட்டுப்படுத்தாத கருத்துத்தான் அது. ஆனால் அதை ஏந்திக்கொண்டு மொரிஷியஸ் ஐ.நா. சபைக்குப் போயிற்று, 116 நாடுகள் அதன் பக்கம் வாக்களித்தன. 2025 மே மாதம், படைத்தளம் உள்ள தீவைக் குத்தகைக்கு வைத்துக்கொண்டு, மொரிஷியசின் இறைமையை ஏற்கும் உடன்படிக்கையில் பிரிட்டன் கையெழுத்திட்டது. வலிமை தீர்ப்பில் மட்டும் இல்லை. அதைக் கையில் ஏந்திய சர்க்காரின் உறுதியிலும் இருந்தது.

நம் சர்க்காருக்கு அந்த உறுதி உண்டா? 1974 ஆகஸ்டிலேயே எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது தமிழகச் சட்டமன்றம். 1991-இல் மீட்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 2 அன்று மீண்டும் சொன்னது. ஆட்சிகள் மாறின, குரல் மாறவில்லை. டெல்லியின் காதும் மாறவில்லை!

இன்னொன்றையும் மீனவத் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தீவு ஏறத்தாழ 285 ஏக்கர். அது நாளையே கிடைத்தாலும், அதற்கப்பால் நெடுந்தீவுக் கடல் இலங்கையுடையதே. நம் விசைப்படகுகளின் இழுவை மடி தங்கள் வலையை அறுக்கிறது, கடலடியைச் சுரண்டுகிறது என்று குமுறும் யாழ்ப்பாணத்து மீனவரும் தமிழரே. 2017-இல் இழுவை மடியை இலங்கை சட்டத்தால் தடுத்துவிட்டது. ஏழை ஏழையோடு மோதும் இந்தச் சிக்கலை எந்த விளம்புகையும் தீர்க்காது. இரு கரை மீனவரும் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

ஆனால் 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது விதி, நம் மீனவரும் அந்தோணியார் கோயில் பக்தரும் விசா இன்றித் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. ஆறாவது விதி, இரு நாட்டுப் படகுகளும் மரபாக நுகர்ந்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது. நெருக்கடி நிலைக் காலத்திலே, 1976 மார்ச்சில், இரு அதிகாரிகள் மாற்றிக்கொண்ட கடிதங்கள் மீன்பிடிக்கும் உரிமைக்குப் பூட்டுப் போட்டன. நாட்டின் ஒப்பந்தம் தந்ததை அதிகாரியின் கடிதம் பறிக்கலாமா? தீவு யாருடையது என்பதைவிட, மீனவரின் சோற்றுக்கு நெருக்கமான கேள்வி இது.

ஆகவே, தேநீர்க் கடையிலே கேட்பவருக்குத் தோழர்கள் சொல்ல வேண்டிய விடை இது: தீர்ப்பு தீவைக் கொண்டுவராது. டெல்லி தப்பிக்க முடியாத பத்திரத்தை நம் கையில் கொடுக்கும். பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தவன் நிலத்தை உழுததில்லை.