யாரைக் கேட்டு எடுக்கறீங்க?

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வருகிறவர்களை யார் வேண்டுமானாலும் படம் பிடிக்கலாம். புஷ்பக் காவடி சுமந்து கண் செருகித் தன்னை மறந்து ஆடுகிறவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் செல்போனை நீட்டலாம். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலையோடு வீறிட்டு அழும் குழந்தையை எடுக்கலாம். சரவணப் பொய்கையில் முழுகி எழுந்து ஈரப் புடவையோடு கரையேறும் பெண்ணைக்கூட எடுக்கலாம். "யாரைக் கேட்டு எடுக்கறீங்க?" என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அரசுக் கட்டடம் ஒன்றின் சுவரை எடுத்துப் பாருங்கள். அந்தக் கேள்வி உடனே வரும்.

எனக்கு வந்தது ஒரு நியாயவிலைக் கடை வாசலில். கடைக்கு வெளியே தெருவைப் பார்த்து ஒரு கரும்பலகை மாட்டியிருந்தார்கள். அரிசி, சர்க்கரை, துவரம் பருப்பு, பாமாயில் என்று வரிசையாக எழுதி, எதிரே இருப்பு எவ்வளவு என்று நிரப்பக் கட்டம் போட்டிருந்தது. துவரம் பருப்புக்கு நேரே, பழைய எண்ணை ஈரத்துணியால் துடைத்த வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது. புது எண் இல்லை. அதைத்தான் எடுத்தேன். உள்ளேயிருந்து ஒருவர் வேகமாக வந்தார். "யாரைக் கேட்டு சார் எடுக்கறீங்க? முதல்ல டெலிட் பண்ணுங்க." வரிசையில் பையோடு நின்ற பெரியவர் ஒருவர், "எடுக்கட்டுமேப்பா, ஜனங்க பார்க்கத்தானே எழுதிப் போட்டிருக்கு" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர் என் பக்கம் குனிந்து, "எதுக்கு சார் வம்பு, அழிச்சிட்டுப் போயிடுங்க" என்றார். நான் அழிக்கவில்லை.

பெரியவர் சொன்னதுதான் சட்டம். ரேஷன் கடையின் இருப்பு விவரத்தை மக்கள் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் பொது விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. கண்ணால் பார்க்கலாம், நோட்டில் எழுதிக்கொள்ளலாம், செல்போனில் எடுக்கக் கூடாது என்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

பொது இடத்தில் நின்று, கண்ணுக்குத் தெரிவதைப் படம் எடுக்க இந்த நாட்டில் அனுமதிச் சீட்டு தேவையில்லை. அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துச் சுதந்திரத்தில் படம் எடுப்பதும் அடக்கம். அதற்கு வரம்பு போட அரசால் முடியும். ஆனால் சட்டத்தின் வழியாக, 19(2) சொல்லும் காரணங்களுக்காக மட்டும்தான் முடியும். கேட்டில் நிற்பவருக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தக் காரணங்களில் இல்லை.

"டெலிட் பண்ணு" என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் எடுத்த படம் குற்றம் என்றால், அது சாட்சியம். சாட்சியத்தை அழிக்கச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. குற்றத்தில் சந்தேகம் இருந்தால் போலீஸ் கைப்பற்றலாம். அதற்குப் பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கும் முறை இருக்கிறது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு, அப்படிக் கைப்பற்றுவதையே வீடியோ எடுக்கச் சொல்கிறது. படம் குற்றமே இல்லையென்றால் அழிக்கச் சொல்லும் பேச்சுக்கே இடமில்லை. இரண்டில் எந்த வழியில் போனாலும் அந்த உத்தரவுக்குச் சட்டத்தில் வேர் கிடையாது. ஆனாலும் நாம் அழிக்கிறோம். பஸ்ஸுக்கு நேரமாகிறது, கூட பிள்ளைகள் இருக்கிறார்கள், எதற்கு வம்பு.

தடுப்பவர்கள் கையில் எப்போதும் ஒரு பழைய ஆயுதம் உண்டு. 1923-இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அலுவல் ரகசியச் சட்டம். பாலத்தின் முனையில், அணைக்கட்டின் வாசலில் "படம் எடுக்கத் தடை" என்று துருவேறிய பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சட்டம் ராணுவ இடங்களை நேரடியாகவே தடைசெய்யப்பட்ட இடம் என்கிறது. ரயில் பாதை, மின் நிலையம், குடிநீர் நிலையம் போன்றவை அப்படி ஆக வேண்டுமானால் அரசு அதைத் தனியாக அறிவிக்கை செய்திருக்க வேண்டும். வெறும் பலகை அறிவிக்கை ஆகாது. அந்தச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு உளவு பார்ப்பதைப் பற்றியது. பாலத்தில் நின்று மனைவியையும் மகளையும் எடுக்கிறவரை மிரட்ட எழுதப்பட்டதல்ல.

போலீஸ் ஸ்டேஷனுக்குள் நடந்ததைச் செல்போனில் பதிவு செய்தார் என்று மகாராஷ்டிரத்தில் ஒருவர் மீது இதே சட்டத்தைப் பாய்ச்சினார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2022-இல் அந்த வழக்கை ரத்து செய்தது. தடைசெய்யப்பட்ட இடங்களின் பட்டியலில் போலீஸ் ஸ்டேஷன் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. இந்தத் தீர்ப்பு ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மடப்புரம். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயிலின் தற்காலிகக் காவலாளியை ஒரு நகைத் திருட்டுப் புகாரில் போலீஸார் பிடித்தார்கள். கோயில் அலுவலகத்தின் பின்பக்கம் வைத்து அடித்தார்கள். அந்த இளைஞர் செத்துப்போனார். வலிப்பு, தப்பி ஓடியபோது விழுந்தார் என்கிற வழக்கமான கதைகள் எடுபடாமல் போனதற்கு ஒரு செல்போன் வீடியோ பெரிய காரணம். அங்கே வேலை பார்த்த ஒருவர் மறைந்திருந்து, கை நடுங்க, சில நொடிகள் எடுத்தது. காவலர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. எடுத்தவர் தன் உயிருக்குப் பாதுகாப்பு கேட்டு டிஜிபிக்கு எழுத வேண்டியிருந்தது. அவரிடமும் யாராவது "யாரைக் கேட்டு எடுத்தே?" என்று கேட்டிருக்க முடியும். கேமராவை அதிகாரத்தின் பக்கம் திருப்பும் உரிமையை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்கு வேண்டாம்.

எல்லாத் தடையும் அநியாயம் என்று நான் சொல்லவில்லை. கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை இருக்கிறதே, அதை நான் மனதார ஏற்கிறேன். திருச்செந்தூர் முருகன் கோயில் தொடர்பான வழக்கில் 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை போட்ட உத்தரவு அது. ஒருவர் மனுப் போட்டார், அறநிலையத் துறை பதில் சொன்னது, நீதிபதிகள் காரணம் எழுதி ஆணையிட்டார்கள். செல்போனை வாங்கி வைத்துத் திருப்பித் தர ஏற்பாடு செய்யவும் சொன்னார்கள். தடை என்றால் இப்படி வர வேண்டும். சந்நிதிக்குள் சாமியை விட்டுவிட்டு போனைப் பார்க்கிற கூட்டத்தில் நானும் நிற்க விரும்பவில்லை.

கட்டடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருத்தணி ஊரின் ஒரு மூலையில், அபராஜித பல்லவன் காலத்து வீரட்டானேஸ்வரர் கோயில் இருக்கிறது. சின்னக் கோயில், கருங்கல் வேலை, தூங்கானை மாட விமானம். மலைக்கு வருகிற லட்சம் பேரில் அங்கே எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. அந்த வளைந்த விமானத்தை வெளியே நின்று எடுப்பதற்கும், ஊர்ச் சந்தியில் நிற்கிற சிலையை எடுப்பதற்கும் பதிப்புரிமைச் சட்டம் தடை சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கட்டடத்தையும் பொது இடத்தில் நிலையாக வைத்த சிற்பத்தையும் படம் எடுக்க வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. யாரும் கூலி கொடுத்து எடுக்கச் சொல்லாத வரை, எடுத்த படம் எடுத்தவருக்குச் சொந்தம்.

இனி நான் முதலில் சொன்ன பக்கத்துக்கு வருகிறேன். அதிகாரத்தைக் காப்பாற்ற இத்தனை பேர் ஓடி வருகிறார்கள். பொய்கைக் கரையில் நிற்கும் பெண்ணுக்காக யார் வருகிறார்கள்?

சட்டம் கொஞ்சம் வருகிறது. உடை மாற்றுவது, குளிப்பது போன்ற அந்தரங்கத்தை ஒளிந்து எடுத்தால், புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவில் முதல் முறையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒருவர் மறைத்துக்கொள்ள நினைக்கும் உடல் பகுதியைச் சம்மதமில்லாமல் எடுப்பது, பொது இடமாகவே இருந்தாலும் குற்றம். திருவிழாக் கூட்டத்தில் குனிந்து நின்று செல்போனை நீட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆனால் முகம்? முகத்துக்குச் சட்டம் அவ்வளவாகத் துணை வராது. 2025 டிசம்பரில் மேற்கு வங்க வழக்கு ஒன்றில், அந்தரங்கச் செயல் எதிலும் ஈடுபடாத பெண்ணை அனுமதியில்லாமல் படம் எடுத்தது பழைய தண்டனைச் சட்டத்தின் 354சி பிரிவின் கீழ் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி அது சரி. தெருவில் எடுக்கும் ஒவ்வொரு படமும் குற்றமானால் மடப்புரம் வீடியோவுக்கும் அதே கதிதான். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு யூத முதியவரை அவருக்குத் தெரியாமல் எடுத்துக் கண்காட்சியில் வைத்தார் பிலிப்-லோர்கா டிகார்சியா. உருவம் பதிவதே தன் மதத்துக்கு விரோதம் என்று முதியவர் வழக்குப் போட்டார். 2006-இல் நீதிமன்றம் அது கலை, கருத்துச் சுதந்திரம் என்று சொல்லித் தள்ளுபடி செய்தது. பிரான்ஸில் இதே வழக்கு வேறு மாதிரிப் போயிருக்கலாம். அங்கே ஒருவர் உருவத்தின் மேல் அவருக்கே உரிமை அதிகம். நான் நியூயார்க் நீதிபதியின் பக்கம்தான். ஆனால் அந்தப் படத்தை நான் மாட்டியிருக்க மாட்டேன். வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகு மாட்டுவதற்குச் சட்டம் அனுமதி தரலாம். மனசு தரக் கூடாது.

திருத்தணியில் வேண்டாம் என்பது இரண்டு மொழியில் வரும். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்தால் தமிழகத்துக்கு வந்தது. நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து இன்றும் குடும்பம் குடும்பமாக முருகனைப் பார்க்க வருகிறார்கள். படியில் உட்கார்ந்து பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேமராவைக் காட்டிக் கேட்டேன். "வத்து நாயனா" என்று முந்தானையால் பிள்ளையின் மொட்டைத் தலையை மூடினார். முடி வளர்ந்த பிறகு எடுக்கணுமாம். நல்ல வெளிச்சம், நல்ல படம். போகட்டும்.

கேட்காமல் எடுப்பது எங்கே போய் முடியும் என்பதை இந்த ஊர் பார்த்துவிட்டது. 2025 டிசம்பர் கடைசியில், சென்னையிலிருந்து திருத்தணி வரும் புறநகர் ரயிலில், பிழைக்க வந்த வடமாநில இளைஞர் ஒருவரை நான்கு பையன்கள் அரிவாளோடு சூழ்ந்து ரீல்ஸ் எடுத்தார்கள். அவர் மறுத்ததாகச் செய்திகள் வந்தன. ரயில் நிலையத்துக்கு அருகே ஆளில்லாத இடத்துக்குக் கொண்டுபோய் அவரை வெட்டினார்கள். அதையும் வீடியோ எடுத்துப் போட்டார்கள். நால்வருக்கும் 17 வயது. பிடிபட்டார்கள். அதோடு முடியவில்லை. அவர் ரத்தம் சொட்ட நிற்கும் காட்சி நாடு முழுவதும் செல்போன் செல்போனாகப் போனது. எனக்கு அனுப்பியவர்களில் நல்ல மனிதர்களும் இருந்தார்கள். அந்த இளைஞரைக் கேட்டு யார் அனுப்பினார்கள்? போலீஸுக்குப் போக வேண்டிய சாட்சியம் நம் குடும்பக் குழுவுக்கு எதற்கு? வழக்கில் சிக்கிய சிறுவர்களின் முகத்தை வெளியிடுவதும் இளம் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவில் குற்றம்.

எளியவர்களை எடுக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். எடுக்க வேண்டும். மலக்குழித் தொழிலாளர்களின் வாழ்க்கையை எம். பழனிக்குமார் பல ஆண்டுகளாகப் படம் எடுக்கிறார். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர்தான். அந்த மனிதர்களின் வீட்டுக்குப் போய், அவர்கள் இழவில் உட்கார்ந்து, பெயர் தெரிந்து எடுத்த படங்கள். அவற்றில் இருப்பவர்கள் நம் கண்ணை நேராகப் பார்க்கிறார்கள். 2017-இல் 'கக்கூஸ்' திரையிடலைப் போலீஸ் பல இடங்களில் தடுத்தது. தடுத்தவர்களுக்கு அந்தத் தொழிலாளிகளின் மானத்தைப் பற்றிக் கவலை இருந்திருந்தால் குழிக்குள் இறக்குவதையல்லவா தடுத்திருக்க வேண்டும்?

அடுத்த டிசம்பர் 31 இரவு திருத்தணிப் படித் திருவிழாவுக்குக் கேமராவோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 365 படியிலும் கற்பூரம் எரியும், பாட்டு கேட்கும், எடுங்கள். கூட்டத்தை எடுக்க யாரையும் கேட்க வேண்டாம். ஒரு முகத்தை நெருங்கினால் கேளுங்கள், கண்ணாலாவது கேளுங்கள். சாமி வந்து ஆடுகிறவரிடம் கேட்க முடியாது என்றால், அவர் நிதானத்துக்கு வந்து தண்ணீர் குடிக்கும் வரை இருந்து படத்தைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அங்கேயே அழியுங்கள். அழிக்க வேண்டிய இடம் அதுதான்.

ஏதாவது அலுவலகச் சுவரில் "படம் எடுக்கத் தடை" என்ற பலகையைப் பார்த்தால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதி அறிவிக்கை என்று எழுதிக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.