கண்டிச் சோனகர்: குருதிக் கணக்கும் மொழிக் கணக்கும்

சிங்கள மொழியில் இசுலாமியரைக் குறிக்க வழங்கும் சொல் 'மரக்கல' என்பது. இச்சொல்லுக்குக் கண்டி நாட்டில் ஒரு கதை கட்டி வைத்துள்ளனர். பகைவர் துரத்த ஓடிவந்த கண்டியரசன் ஒருவனை, ஊவாப் பகுதியில் பங்கரகம்மனை என்னும் ஊரில், இசுலாமியப் பெண்ணொருத்தி மரப்பொந்தில் ஒளித்து வைத்தாளாம். துரத்தி வந்தோர் எவ்வளவு அச்சுறுத்தியும் அவள் வாய்திறந்திலள்; அங்கேயே அவளை வெட்டி வீழ்த்தினராம். வெளிவந்த அரசன் அவள் குருதியைக் கண்டு, 'என்னைக் காத்த குருதி' எனப் பொருள்படும்படி, 'மா ரக் லே' என்று கதறினானாம். அதுவே திரிந்து 'மரக்கல' ஆயிற்றாம்!

அப்பெண்ணின் நெஞ்சுரத்தைப் பழிப்பார் எவருமில்லை. கதையின் உள்ளே ஒரு மெய்ந்நிகழ்ச்சி இருப்பினும் இருக்கலாம். ஆனால் கதை வேறு, சொல்லாராய்ச்சி வேறு. மரக்கலம் என்பது பச்சைத் தமிழ்ச்சொல் என்பதை எழுத்தறியாத் தமிழ் மீனவனும் அறிவான். மரக்கலத்தில் வந்து வணிகம் செய்தோர் மரக்கலத்தார். தமிழ்க் கடற்கரையில் அவர் மரக்காயர். கடல்கடந்து போன அத் தமிழ்ச்சொல்லைப் பிடித்துக் குருதியில் தோய்த்தெடுத்துச் சிங்களச் சொல்லாகக் காட்டிவிட்டனர்.

இவ்வொரு சொல்லுக்கு நேர்ந்த கேடே அம்மக்களின் வரலாறு முழுமைக்கும் நேர்ந்தது. கலத்தைப் பற்றிப் பேசவேண்டிய இடத்திலெல்லாம் குருதியைப் பற்றியே பேசினர். ஆங்கிலர் பேசினர், சிங்களர் பேசினர், அதனைப் பொறுக்கலாம். தமிழருக்குத் தலைவர் எனப்பட்டோரும் அதனையே பேசினர். அதுதான் பொறுக்கலாகாதது.

முதலில் பெயர். 'மூர்' என்பது போர்த்துக்கேயர் இட்ட பெயர். ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையில் தாங்கள் கண்ட இசுலாமியரை அழைத்த அதே பெயரால் இலங்கையிற் கண்டாரையும் அழைத்துவிட்டனர். ஆங்கிலர் அதனைக் குடிக்கணக்கில் ஏற்றி நிலைநாட்டினர். தமிழில் அவர்க்குரிய பெயர் சோனகர். சோழர்காலக் கல்வெட்டிலேயே 'சோனகன் சாவூர்' என்றொரு பெயர் காணப்படுகிறது. ஆயிரமாண்டுப் பழமையுடைய இப்பெயர் இருக்க, 'மூர்' என்று தமிழரே எழுதுவது இரவற் பெயருக்குத் தன்பெயரை விற்பதாகும்.

இனிக் கண்டி. கடற்கரை நெடுகப் போர்த்துக்கேயர் பிடித்துக்கொண்டபின், மலைநாட்டில் தனித்து நின்ற அரசு அது. 1815-இல் ஆங்கிலர் கைப்படும்வரை அது வீழவில்லை. இசுலாமியரைப் பழம்பகைவராகக் கருதிய போர்த்துக்கேயர், 1626-இல் தம் ஆட்சிக்குட்பட்ட நிலப்பகுதியினின்று அவர்களை வெளியேற்ற ஆணையிட்டனர். கண்டியரசன் செனரதன் அவர்களை ஏற்றுக்கொண்டான்; நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயர் குறிப்பே கூறுகிறது. இது வெறும் அருள் அன்று. கடல்வாயில்கள் அடைபட்ட மலையரசுக்கு உப்பும் துணியும் கருவாடும் வெளியுலகச் செய்தியும் கொண்டுவர ஆள் வேண்டியிருந்தது. கிழக்குக் கரையைக் காக்கவும் ஆள் வேண்டியிருந்தது. ஆயினும் ஒன்று. தன் மொழியும் அல்லாத, தன் சமயமும் அல்லாத ஏதிலியரை வாழவைத்தால் நாடு வளரும் என்று கண்டுகொள்ளும் அறிவு அவ்வரசனுக்கு இருந்தது. பின்வந்த பலருக்கு அது வாய்க்கவில்லை.

கண்டியரசில் சோனகர் வகித்த இடம் எளியதன்று. அரண்மனைச் சரக்குகளைப் பொதிமாடுகளில் ஏற்றிச் செல்லும் 'மடிகே' என்னும் துறையில் அவர்கள் பெரும்பங்கு வகித்தனர். மலையிலிருந்து பாக்கு இறங்கும்; கரையிலிருந்து உப்பு ஏறும். அப் பொதிமாட்டு வரிசைக்குச் சிங்களத்தில் 'தவலம' என்று பெயர். தமிழ்த் தாவளத்தை அறிந்தோர்க்கு இச்சொல் எங்கிருந்து சென்றது என்று விளக்க வேண்டுவதில்லை. அரசனுக்கு மருத்துவம் பார்த்தோரும் அவருள் இருந்தனர். அம்மருத்துவக் குடியின் பட்டப்பெயர் கோபால முதலியார்! ஐந்து வேளை தொழும் ஓர் இசுலாமியக் குடும்பம் கோபாலன் என்னும் பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிவந்தது என்பதைக் கேட்டால், இற்றைச் சமயவெறியர் இருதிறத்தாரும் திகைப்பர். புத்த விகாரைகளுக்குரிய நிலத்தை உழுது அதற்கீடான பணி செய்த சோனகரும் இருந்தனர். 'கெதர' என முடியும் சிங்கள வீட்டுப்பெயர்கள் அவர்களிடம் இன்றும் உள.

அவ்வளவு ஆழமாகச் சிங்கள மண்ணில் வேரூன்றியவர்கள் வீட்டில் பேசிய மொழி எது? தமிழ்!

இங்கேதான் குருதிக்கணக்கர் இருசாராரும் தோற்கின்றனர். கண்டிக்கு அருகிலுள்ள அக்குறணை, சோனகர் செறிந்து வாழும் ஊர். இரண்டாம் இராசசிங்கன் காலத்தில் வந்த அரபியர் மூவர், கண்டிப் பெண்களை மணந்து அங்குக் குடியமர்ந்தனர் என்பது அவ்வூரில் வழங்கும் பிறப்புக்கதை. கதையை அப்படியே கொள்க. தந்தை பேசியது அரபு. தாய் பேசியது சிங்களம். பிள்ளை தமிழ் பேசியது எங்ஙனம்?

குருதியால் வந்தது என்பார்க்கு இதற்கு விடையில்லை. வணிகத்தின் பொருட்டு மேற்கொண்ட மொழியே தமிழ் என்பார்க்கும் விடையில்லை. காலியிலும் கொழும்பிலும் அவ்விடை செல்லலாம். கண்டி மலையூர்களில் செல்லாது. அங்கே சந்தையின் மொழி சிங்களம். அரண்மனைக் கட்டளையின் மொழி சிங்களம். அண்டை வீட்டின் மொழி சிங்களம். பிழைப்புக்கு வேண்டிய மொழி சிங்களமாகவே இருக்க, தாலாட்டுக்கும் சாவுக்கும் தமிழை வைத்துக்கொண்டனர் எனின், அதற்குக் கரணியம் வேறொன்று இருத்தல் வேண்டும்.

அது இசுலாம் அவர்களிடம் வந்த வழி என்க. காயற்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் ஓதுவிக்க வந்த இலெப்பைமார் தமிழில் விளக்கினர். பெண்கொடுத்தலும் கொள்ளலும் தமிழ்க்கரையோடு நிகழ்ந்தன. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் நூல்களைப் பெண்களும் ஓதினர். மறையோதும் மொழி அரபாக இருந்தாலும், மறை விளங்கும் மொழி தமிழாக இருந்தது. இதன் பழமைக்குக் காலியிற் கிடைத்த கல்லே சான்று. சீனக் கடற்படைத் தலைவர் செங்கே கொணர்ந்த, 1409-ஆம் ஆண்டிட்ட அக்கல்வெட்டு சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. இலங்கைத் துறைமுகத்தில் நாட்டிய கல்லில் சிங்களம் இல்லை, தமிழ் உண்டு. கடல்வழி வருவோர் எவராயினும் அவர்க்கு எதிர்ப்பட்ட மொழி தமிழாக இருந்தது.

அச் சமயச்சொற்களைச் சற்று எண்ணுக. வடநாட்டு இசுலாமியர் 'நமாசு' என்றும் 'ரோசா' என்றும் பாரசீகச் சொற்களால் வழங்குவனவற்றைச் சோனகரும் தமிழக இசுலாமியரும் தொழுகை என்றனர், நோன்பு என்றனர். மறையை ஓதினர். வழிபடுமிடத்தைப் பள்ளி என்றனர்; சமணரும் புத்தரும் வழங்கிய அப்பழஞ்சொல் இன்று உயிரோடு வழிபாட்டுக்கு நிற்பது பள்ளிவாசலில்தான். விழாவைப் பெருநாள் என்றனர். தமிழர் கட்டிய கோயிலுக்குள் அருச்சனையும் அபிடேகமும் பிரசாதமும் புகுந்து தமிழை வாயிலுக்கு வெளியே நிறுத்திய காலத்தில், தொழுகைக்கும் நோன்புக்கும் தமிழை உள்ளழைத்துக்கொண்ட மக்கள் இவர். தூயதமிழ் பேசுவோர் இவர்க்குக் கடன்பட்டவர் அல்லரோ?

அக்கடனைத் தமிழ்த்தலைமை தீர்த்த வகை யாது? 1888-இல் பொன்னம்பலம் இராமநாதன், அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில், இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை படித்தார். மொழி, பழக்கவழக்கம், உடலமைப்பு ஆகியவற்றைக் காட்டி, அவர்கள் இனத்தால் தமிழரே. இசுலாத்தைத் தழுவிய தமிழரே என்று முடிவு கட்டினார். கேட்பதற்கு இனிக்கிறதன்றோ? அக்காலத்தைப் பார்க்க வேண்டும். சட்டமன்றத்தில் தமிழர்க்கென அமர்த்தப்பட்ட உறுப்பினர் இராமநாதன். இசுலாமியர்க்கு அங்குத் தனியிருக்கை இல்லை. அவ்விருக்கை கிடைக்காதிருக்கவே இக்கட்டுரை எழுந்தது என்று ஐ. எல். எம். அப்துல் அசீசு 1907-இல் வெளியிட்ட மறுப்புநூலில் குற்றஞ்சாட்டினார். இராமநாதனின் உள்நோக்கம் எதுவாயினும் ஆகுக. 'நீயும் தமிழனே' என்று சொன்னவர், 'ஆகவே என் இருக்கையில் உனக்கும் பங்குண்டு' என்று சொன்னதில்லை. 1889-இல் ஆங்கிலன்தான் இசுலாமியர்க்குத் தனியிருக்கை தந்தான்.

அசீசு தரப்பின் விடையும் குருதியிலேயே முடிந்தது. மேனாள் தலைமை நடுவர் அலெக்சாந்தர் சான்சுதன் 1827-இல் எழுதிவைத்த, எட்டாம் நூற்றாண்டில் அரபு நாட்டினின்று துரத்தப்பட்ட ஆசிம் குலத்தார் இலங்கைத் துறைகளிற் குடியேறினர் என்னும் வழிவழிச் செய்தி அவர்க்குக் கோட்டையாயிற்று. இழிவுபடுத்தப்பட்டவன் தொலைவிலுள்ள பாட்டனைத் தேடுவான்; அது இயல்பே. தேடவைத்தவன் யார் என்பதே கேள்வி.

இவ்வழக்காட்டம் எழுவதற்கு முன்பே கண்டியில் ஒருவர் வேறு வழி காட்டியிருந்தார். கண்டியிற் பிறந்த வழக்கறிஞர் சித்தி இலெப்பை 1882-இல் 'முசுலிம் நேசன்' என்னும் தமிழிதழைத் தொடங்கினார். 1885-இல் அவர் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' ஈழத்தின் முதல் தமிழ்ப் புதினமாகப் பலராலும் கொள்ளப்படுகிறது. ஈழத்தமிழ்ப் புதினத்தின் கால்கோள் யாழ்ப்பாணத்துச் சைவர் கையால் நிகழவில்லை. கண்டிச் சோனகர் கையால் நிகழ்ந்தது. தான் யார் குருதி என்று அவர் நிறுவிக்கொண்டிருக்கவில்லை. தன் மக்கள் படிக்கவேண்டும் என்று எழுதினார்; தமிழில் எழுதினார். அவரைத் தமிழிலக்கிய வரலாறுகள் எத்தனை வரியில் முடிக்கின்றன என்பதைப் புரட்டிப் பார்ப்போர் அறிவர்.

1915-இல் சிங்களர் சோனகரைத் தாக்கினர். கண்டியிலேயே அத்தீ பற்றியது. ஆங்கில ஆட்சி சிங்களத் தலைவர்களைச் சிறையிலடைத்து மிகைப்பட நடந்துகொண்டதும் உண்மை. இராமநாதன் இலண்டன்வரை சென்று சிங்களத் தலைவர்களுக்காக வழக்குரைத்தார். கடை எரிந்தவனுக்காக, 'இனத்தால் தமிழன்' என்று 27 ஆண்டுகட்கு முன் தாம் முழங்கிய அவனுக்காக, அவ்வளவு தொலைவு அவர் செல்லவில்லை. இராமநாதனைச் சிங்களர் வண்டியில் அமர்த்தித் தாமே இழுத்துச் சென்றனர். அவ்வூர்வலத்தைச் சோனகர் மறக்கவில்லை. அவர் மறவாததில் வியப்புமில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ள இயலாதபடி 1990 வந்தது. செனரதன் நாலாயிரம் ஏதிலியரைக் குடியேற்றிய அதே மட்டக்களப்பு மண்ணில், காத்தான்குடியில், ஆகத்து மூன்றாம் நாள் தொழுகையில் இருந்தோர் பள்ளிவாசலுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். இறந்தோர் நூற்றுக்கும் மேலானவர். அத்தோபரில் வடமாநிலச் சோனகர் அனைவரும், 70,000-க்கும் மேற்பட்டோர், வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்க்குத் தரப்பட்டது இரண்டு மணிநேரம். 1626-இல் போர்த்துக்கேயன் செய்ததைத் தமிழ்விடுதலையின் பெயரால் விடுதலைப்புலிகள் செய்தனர். ஒலிபெருக்கியில் அவ்வாணை தமிழில்தான் ஒலித்தது. கேட்டவர்க்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கவில்லை.

தமிழீழப் போரில் சிங்கள அரசு செய்த கொடுமைகளை எண்ணும் விரல்கள் இதனை எண்ணும்போது மட்டும் மடங்கிக்கொள்வது ஏன்? 'சூழ்நிலை அப்படி', 'காட்டிக்கொடுத்தனர்' என்று அமைதி கூறுவோர், 1915-இல் சிங்கள வெறியர் கூறியதும், 2018 மார்ச்சில் கண்டித் திகணையில் கடைகளுக்குத் தீயிட்டவர் கூறியதும் இவை போன்ற அமைதிகளே என்பதை எண்ணுக.

இன்று கண்டிச் சோனகருள் பிள்ளைகளைச் சிங்களவழிப் பள்ளிக்கு அனுப்புவோர் உளர். நானூறாண்டு சிங்கள மலைகளுக்கிடையில், அரசாணையும் இயக்கமும் இன்றி, தாய்மார் நாவில் காத்த மொழி அவ்வீடுகளில் இத்தலைமுறையில் தளர்கிறது. அவர்களிடம் சென்று தமிழின் தொன்மை பேச விரும்பும் தமிழியக்கத்தார் நன்றே செய்வர். ஆனால் 'உன் குருதி தமிழ்க்குருதி' என்று தொடங்கினால், இராமநாதன் முகமே அவர்க்குத் தோன்றும். 1990-ஐப் பற்றி வாய்திறவாது தொடங்கினால், வேறு முகங்கள் தோன்றும்.