எறிவதற்கும் அறிவு வேண்டும்

பிரெஞ்சு-சுவிஸ் எல்லையில், ஜெனீவாவுக்கு அருகே, பூமிக்கடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில் 27 கி.மீ. சுற்றளவுள்ள ஒரு சுரங்கம். செர்ன் ஆய்வகத்தின் இந்தச் சுரங்கத்தில் எதிரெதிராகப் பாயும் புரோட்டான் கற்றைகள் வினாடிக்கு 4 கோடி முறை வரை குறுக்கிடும். ஒவ்வொரு முறையும் டஜன் கணக்கில் மோதல்கள். அத்தனையையும் சேமித்துவைக்க எந்த கம்ப்யூட்டராலும் முடியாது. எனவே, அங்குள்ள பெரிய ஆய்வுக் கருவிகளில் ஒன்றான சி.எம்.எஸ்., முதல் கட்டத்தில் வினாடிக்கு சுமார் 1 லட்சம் பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடும். முடிவெடுக்க அவகாசம், ஒரு வினாடியில் 10 லட்சத்தில் சுமார் 4 பங்கு. எறிந்தது எறிந்ததுதான்.

தேடுவதோ மிக அபூர்வமானது. 2012-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஹிக்ஸ் துகள் சுமார் 100 கோடி மோதல்களில் ஒருமுறைதான் தலைகாட்டும். அடுத்த கண்டுபிடிப்பு குப்பையோடு போய்விடவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இங்குதான் பொறியியல் ஆய்வாளர் தேவைப்படுகிறார். உதாரணங்களைக் காட்டி கம்ப்யூட்டரைத் தானாகவே கற்கவைக்கும் 'மெஷின் லேர்னிங்' அவரது ஆயுதம். 2014-ல் ஹிக்ஸ் துகளின் சுவட்டை மற்ற மோதல்களிலிருந்து பிரித்தறியும் போட்டி ஒன்று நடந்தது. கலந்துகொண்டவை 1,785 அணிகள். முதல் பரிசு பெற்றவர் துகள் இயற்பியலாளர் அல்ல. காபோர் மெலிஸ் என்ற ஹங்கேரிய மென்பொருள் பொறியாளர்.

ஆனால் போட்டியில் மாதக்கணக்கில் யோசிக்கலாம். சுரங்கத்தில் அது நடக்காது. தேவைக்கேற்ப உள்சுற்றுகளை மாற்றி அமைக்கக்கூடிய சிலிக்கான் சில்லில் மொத்தக் கணக்கையும் அடக்க வேண்டும். அதற்காக, பயன் குறைந்த இணைப்புகளை வெட்டுகிறார்கள். எண்களின் நீளத்தைக் குறைக்கிறார்கள். கற்ற கம்ப்யூட்டர் மாதிரியைச் சில்லின் சுற்றாக மாற்றித் தரும் எச்.எல்.எஸ்.4எம்.எல். என்ற மென்பொருள் கருவி 2018-ல் அறிமுகமானது.

வேகம் கிடைத்தாலும் ஒரு சிக்கல் மிச்சம். தெரிந்ததை மட்டும் கற்ற இயந்திரம், தெரிந்ததை மட்டும்தான் பிடிக்கும். யாரும் எதிர்பாராத துகள் வந்தால்? சி.எம்.எஸ். குழு பாடத்தைத் தலைகீழாக்கியது. எந்தத் தேர்வும் செய்யாமல் எடுத்த பதிவுகளைக் காட்டி 'இதுதான் வழக்கம்' என்று இயந்திரத்தைப் பழக்கியது. வழக்கத்துக்கு மாறாக எது வந்தாலும் எடுத்துவைப்பது அதன் வேலை. ஊர்க்காரர்கள் அனைவரையும் அறிந்த காவல்காரர் வெளியாளை உடனே கண்டுகொள்வதைப் போல. ஆக்ஸலாட்டில் என்ற இந்த முறை 2024-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

இதற்கும் எல்லை உண்டு. விசித்திரமானதெல்லாம் புதிய இயற்பியல் அல்ல. கருவியில் கோளாறு என்றாலும் பதிவு விசித்திரமாகவே இருக்கும். எது எது என்று பார்த்துச் சொல்ல மனிதர்தான் வேண்டும்.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. 2017 முதல் செர்னின் இணை உறுப்பு நாடு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சி.எம்.எஸ். கூட்டு முயற்சியில் இடம்பெற்றுள்ளது. மென்பொருள் நிறுவன வேலையை மட்டுமே குறிவைக்கும் பொறியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி: பிரபஞ்சத்தின் அடிப்படையை ஆராய இயற்பியல் பட்டம் மட்டுமே நுழைவுச்சீட்டு அல்ல. சில்லில் சுற்று அமைக்கத் தெரிந்தவருக்கும் அங்கே வேலை இருக்கிறது.