பட்டப்பகலில் வந்த ஆந்தை

அன்புள்ள வாசகர்களுக்கு,

போன இதழில் இத்தாலிய எழுத்தாளர் லியோனார்டோ ஷாஷாவின் ‘ஆந்தையின் பகல்’ நாவலைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கின்றன. பாராட்டு கொஞ்சம், சண்டை நிறைய. எனக்குச் சண்டைக் கடிதங்கள்தான் பிடிக்கும். புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் படித்துவிட்டுத்தானே சண்டைக்கு வருகிறீர்கள்!

பெரும்பாலோருக்கு ஒரே கோபம். கொன்றவன் யார், கொல்லச் சொன்னவன் யார் என்பதெல்லாம் பாதிப் புத்தகத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் கடைசிவரை யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. இது என்ன துப்பறியும் கதை என்கிறீர்கள். முதல்முறை படித்தபோது நானும் இப்படித்தான் ஏமாந்தேன். கடைசித் தாளுக்குப் பின்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று புரட்டிக்கூடப் பார்த்தேன்.

இதுவரை படிக்காதவர்களுக்காகக் கதையின் தொடக்கம் மட்டும். சிசிலித் தீவில் ஒரு சிற்றூர். அதற்குப் பெயர்கூடக் கிடையாது, ‘எஸ்.’ என்ற ஒற்றை எழுத்துதான். விடிகாலையில் பலேர்மோவுக்குப் போகும் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நிற்கிறது. ஒருவர் ஓடிவந்து ஏறப்போகிறார். இரண்டு வெடிச்சத்தம். விழுந்தவர் கொலாஸ்பெர்னா, மாஃபியாவின் ‘பாதுகாப்பு’ வேண்டாமென்று சொன்ன சிறிய கட்டட ஒப்பந்தக்காரர். போலீஸ் வருவதற்குள் பயணிகள் ஒவ்வொருவராக நழுவிவிடுகிறார்கள். யார் யார் பஸ்ஸில் இருந்தார்கள் என்று டிரைவருக்கு ஞாபகமில்லை. பக்கத்தில் நின்று பலகாரம் விற்றவரைப் பிடித்து வந்து, சுட்டது யார் என்று கேட்கிறார்கள். அவரோ, அங்கே சுட்டார்களா என்ன என்று ஆச்சரியமாகத் திருப்பிக் கேட்கிறார்.

துப்பறிய வேண்டிய மர்மம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்பது என் கட்சி. யார் சுட்டது என்பது ஊருக்கே தெரியும். தெரிந்த விஷயம் எப்படித் தெரியாததாக ஆகிறது என்பதைத்தான் ஷாஷா துப்பறிகிறார்.

இதைத் தொட்டு ஒரு வாசகி எழுதியிருப்பதை இரண்டு நாளாக என்னால் மறக்க முடியவில்லை. தன் கண்ணெதிரே நடந்த ஒரு விபத்தைப் பார்த்தும் பார்க்காததுபோல் அவர் பஸ் ஏறிப் போயிருக்கிறார். பயத்தினால் இல்லையாம், சாட்சி, கோர்ட், வாய்தா என்று அலைய முடியாது என்பதனால்தானாம். சிசிலிக்காரர்களைக் குறைசொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று முடித்திருக்கிறார். அம்மா, உங்களை நீங்களே இவ்வளவு கடுமையாகத் தண்டித்துக்கொள்ள வேண்டாம். அந்த ஊரில் வாயைத் திறந்தால் போவது உயிர். கொலைக்குப் பின் ஓடியவனைத் தற்செயலாகப் பார்த்துவிட்ட ஒரே பாவத்துக்காக நிக்கொலோஸி என்ற விவசாயத் தொழிலாளி அதே நாவலில் காணாமல் போகிறான். அலைச்சலும் உயிர்ப்பயமும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டிலும் லாபம் குற்றம் செய்தவனுக்குத்தான் போய்ச்சேர்கிறது என்பதையும் மறுக்க முடியவில்லை.

வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு வாசகருக்குப் பிடித்தது வேறு இடம். வடக்கே பார்மாவிலிருந்து வந்த போலீஸ் அதிகாரி பெல்லோதி, அடித்து உதைத்து உண்மையைக் கறக்கும் வழியை வேண்டாமென்கிறார். வங்கிக் கணக்கைப் பார், வரிக் கணக்கைப் பார், இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று கேள் என்று நினைக்கிறார். நாவல் வந்தது 1961-இல். மாஃபியாக்காரர்களின் பணத்தையும் சொத்தையும் துருவிப் பறிமுதல் செய்ய வழிசெய்யும் சட்டம் இத்தாலியில் வந்தது 1982-இல். அந்தச் சட்டத்துக்காகப் போராடிய பியோ லா தோர்ரே அதே ஆண்டு ஏப்ரலில் பலேர்மோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ரகல்முத்தோ என்ற கந்தகச் சுரங்க ஊரில் பிறந்து, ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஷாஷா கதையில் எழுதி வைத்தது சட்டப் புத்தகத்தில் ஏற 21 வருடங்கள்.

நாவலின் நடுநடுவே ரோமில் பேசிக்கொள்ளும் பெரிய மனிதர்களுக்குப் பெயரே இல்லாததால் குழப்பமாக இருக்கிறது என்கிறார் இன்னொருவர். குழப்பமாகத்தான் இருக்க வேண்டும், ஐயா. செத்தவனுக்குப் பெயர் உண்டு, காட்டிக்கொடுத்தவனுக்குப் பெயர் உண்டு, மாஃபியாவைக் காப்பாற்றுகிறவர்களுக்கு மட்டும் குரல்தான் உண்டு. இவ்வளவு சின்னப் புத்தகம் ஏன் என்று கேட்டவருக்கும் இதையொட்டியே பதில்: ஒரு கோடையிலிருந்து அடுத்த கோடைவரை உட்கார்ந்து அதைச் சுருக்கியதாகப் பின்குறிப்பில் ஷாஷாவே சொல்கிறார். இறுக்கமாக எழுதவேண்டும் என்பதற்காக மட்டுமல்ல. யாராவது தங்களைத்தான் சொல்கிறார் என்று வழக்குக்கு வந்துவிடக்கூடாதே என்பதற்காகவும்.

மாஃபியாத் தலைவர் தோன் மரியானோவை இவ்வளவு கம்பீரமாக எழுதியிருக்கலாமா என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதிலில்லை. மனிதர்களை ஐந்து வகையாகப் பிரித்து, தன்னைக் கைதுசெய்த பெல்லோதியையே முதல் வகையில் வைக்கிறார் அவர். படிக்கும்போது நமக்கும் அவரிடம் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. எனக்கு அது உறுத்துகிறது. இத்தாலியிலும் பலருக்கு உறுத்தியிருக்கிறது.

தலைப்பைப் பற்றி ஒரு தமிழாசிரியர் எழுதியது மிக அழகு. பகலில் கூகை காக்கையிடம் தோற்கும் என்பது காலமறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் உவமை. ஷாஷாவோ ஷேக்ஸ்பியரிடமிருந்து ஒரு வரியை எடுத்துத் தலைப்பாக்கினார். அவருடைய ஆந்தை பட்டப்பகலில் வெளியே வருகிறது, தோற்கவும் இல்லை. காக்கைகள்தான் பார்வையைத் திருப்பிக்கொள்கின்றன என்கிறார் அந்தத் தமிழாசிரியர். இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

கடைசியாக, பஸ் பக்கத்தில் விற்ற பலகாரம் என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பனெல்லே. கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் களிபோலக் கிண்டி, பரப்பி ஆறவைத்து, வில்லை போட்டு எண்ணெயில் பொரிப்பது. பலேர்மோவில் ரொட்டிக்குள் வைத்துத் தின்பார்கள். செய்து பார்த்தவர்கள் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் கிண்டியது கட்டிதட்டிப் போயிற்று.

அன்புடன்,
ஆசிரியர்