சலைன் பாட்டிலிலும் பௌதிகம் உண்டு!

பௌதிகம் என்றாலே மாணவர்களுக்குக் கசப்பு. சாய்தளத்தில் உருளும் கட்டையும், கப்பியில் தொங்கும் எடையும் பரீட்சை முடிந்ததும் மறந்துபோகின்றன. டாக்டராக விரும்பும் பிள்ளைகள்கூடச் சூத்திரங்களை உருப்போட்டு மார்க் வாங்குவதோடு சரி. பாடத்தை ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்கினால் என்ன?

தாராவிப் பிள்ளைகளுக்குச் சயான் ஆஸ்பத்திரி புதிய இடமல்ல. இந்தியும் மராத்தியும் தெரியாத பாட்டிக்குத் துணையாகப் போவது பேரப்பிள்ளைதான். அங்கே சலைன் பாட்டிலை ஏன் உயரத்தில் தொங்கவிடுகிறார்கள்? கைக்கு மேல் 1 மீட்டர் உயரத்தில் உள்ள நீர், சுமார் 74 மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சமமான அழுத்தம் தரும். சிரையில் உள்ள அழுத்தம் அதைவிட மிகக் குறைவு. ஆகவே மருந்து உள்ளே இறங்குகிறது. பாட்டிலைக் கைக்குக் கீழே இறக்கினால் இரத்தம் குழாயில் ஏறிவிடும். திரவ அழுத்தப் பாடம் இதில் அடங்கிவிட்டது!

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன், எதிரொலிப் பாடம். உடல் திசுவில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் செல்லும். 7.7 சென்டிமீட்டர் ஆழத்தில் பட்டுத் திரும்ப, ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். அது வெறும் ஒலி என்று தெரிந்தால் கதிர்வீச்சு என்ற பயமும் போய்விடும்.

இது மார்க் விஷயம் மட்டுமல்ல. புற்றுநோய்க்குக் கோபால்ட் இயந்திரத்தில் சிகிச்சை பெற்றுத் திரும்பியவருக்குத் தனித்தட்டு, தனித்தம்ளர் வைக்கும் வீடுகள் உண்டு. வெளியிலிருந்து பாய்ச்சும் அந்தக் கதிர் உடலில் தங்குவதில்லை. அவரை ஒதுக்கத் தேவையே இல்லை. ஆனால், தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின்-131 உட்கொண்டவர், டாக்டர் சொல்லும் நாள்வரை விலகியிருக்கத்தான் வேண்டும். அதன் அரை ஆயுள் 8 நாள். கழிவோடு வெளியேறுவது போக, உடலில் தங்கியதும் 24 நாளில் எட்டில் ஒரு பங்காகிவிடும். இந்த வேறுபாடு தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், வீண் பயமும் இராது. வீண் துணிச்சலும் இராது.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்று ஆசிரியர்கள் கூறலாம். புதுப்பாடம் எதுவும் வேண்டாம். உதாரணத்தை மாற்றினால் போதும். கிரகங்களின் ஓட்டத்தை ஆஸ்பத்திரியில் காட்ட முடியாது என்பது உண்மையே. அதற்காகக் கண்முன் இருப்பதை விட்டுவிடலாமா?

மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் இதைத் தொடங்கலாம். அணு ஆராய்ச்சி நிலையம் உள்ள டிராம்பேயும் இதே நகரில்தான் இருக்கிறது. மருத்துவப் பௌதிக நிபுணர் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் பேசவைக்கத் தமிழ்ச் சங்கங்கள் முன்வர வேண்டும்.