சிகிச்சை முடிந்த பின்னும் கேட்க வேண்டிய கேள்விகள்

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் கதிர்வீச்சும் நிறைவுற்ற நாளில் வீட்டார் நிம்மதி அடைகின்றனர். நேர்ந்துகொண்ட காணிக்கை செலுத்தப்படுகிறது. "அதுதான் குணமாகிவிட்டதே" என்று உறவினர் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியில் பிழையில்லை. ஆயினும், சிகிச்சை பெற்ற பெண்களாகிய எங்களுள் பலருக்கு அந்நாளோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. வீங்கும் கை, மரத்த விரல், தீராத களைப்பு, இரவில் எழும் அச்சம் ஆகியவை ஆண்டுக்கணக்கில் உடன் வருகின்றன. இவற்றைக் கேட்டறிந்து கவனிப்பதும் புற்றுநோய் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது எங்கள் உறுதியான கருத்து.

சென்னிமலையில் கையை நம்பியே பிழைப்பு நடக்கிறது. போர்வைக்கும் படுக்கை விரிப்புக்கும் பெயர்பெற்ற இவ்வூரில் பெண்கள் தறியில் அமர்கின்றனர், தார் சுற்றுகின்றனர். நாடா ஓடும் கயிற்றை ஒரு கை இழுக்க வேண்டும். மறு கை பலகையை அடிக்க வேண்டும். அறுந்த இழையை விரல்நுனியால் தேடி முடிச்சிட வேண்டும். நெய்த அளவுக்கே கூலி. அக்குளிலுள்ள நிணநீர்க்கணுக்கள் அகற்றப்பட்ட பக்கத்துக் கை கனக்கும்போதும், பாக்ளிடாக்செல், டோசிடாக்செல் போன்ற மருந்துகளால் விரல்நுனி உணர்விழக்கும்போதும், உடல்நலத்தோடு வாரக் கூலியும் குறைந்துபோகிறது.

நிணநீர் வீக்கம் அரிதான ஒன்றன்று. அக்குள் கணுக்கள் பெரும்பாலும் அகற்றப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கே வருகிறது. சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் கழித்தும் இது தொடங்கக்கூடும். வளையல் இறுகுதல், ரவிக்கைக் கை பிடித்தல், கை கனத்தல் ஆகியவை முதல் அறிகுறிகள். தொடக்கத்திலேயே கண்டால் அழுத்த உறையாலும் பயிற்சியாலும் கட்டுக்குள் வைக்கலாம். முற்றிலும் நீக்குவது பெரும்பாலும் இயலாது. அக்கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இங்கு ஒரு பழைய அறிவுரையைப் பற்றிச் சொல்ல வேண்டியுள்ளது. "இந்தக் கையால் இனி எதையும் தூக்காதே" என்று எங்களுள் பலர் கேட்டிருக்கிறோம். அன்பால் சொல்லப்பட்ட அச்சொல் பலரைத் தறியிலிருந்து எழுப்பிவிட்டது. ஆனால் நிணநீர் வீக்கமுள்ள 141 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு வேறு விடை தந்தது. அழுத்த உறை அணிந்து, மேற்பார்வையில் சிறிது சிறிதாக எடையைக் கூட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென மோசமாவதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. ஆகவே, "தூக்காதே" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எவ்வளவு, எப்படி, எத்தனை நேரம் என்று இயன்முறை மருத்துவர் கற்றுத்தர வேண்டும். தறிக்குத் திரும்புவது எங்கள் உரிமை; அதற்கான வழியைக் காட்டுவது மருத்துவத்தின் கடமை.

கண்ணுக்குத் தெரியாத துன்பங்களும் உள. முருகன் மலையின் 1,320 படிகளை முன்பு ஏறியவர், சில படிகளிலேயே அமர்ந்துவிடுகிறார். அது வெறும் களைப்பாகவும் இருக்கலாம். டாக்சோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் சிலரின் இதயத்தைப் பாதிப்பதால் அதன் விளைவாகவும் இருக்கலாம். மூச்சுத் திணறலும் கால் வீக்கமும் இருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ உண்ணும் ஹார்மோன் மாத்திரைகளால் உடற்சூடும் மூட்டுவலியும் வருகின்றன. அதனால் சிலர் எவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். இது நோய் திரும்பும் ஆபத்தைக் கூட்டும். சொன்னால் மருந்தை மாற்றித் தர வழியுண்டு.

மறுபரிசோதனை நாள் நெருங்கும்போது உறக்கம் போகிறது. முதுகு வலித்தாலும் நோய் திரும்பிவிட்டதோ என்று மனம் நடுங்குகிறது. கண்ணாடியைத் தவிர்ப்பவரும், கணவரிடமிருந்து விலகி உறங்குபவரும், திருமண வீடுகளுக்குச் செல்லாதவரும் எங்களிடையே உள்ளனர். இவற்றைக் கேட்பார் இல்லை. நாங்களாகச் சொல்வதும் இல்லை.

"உயிர் கிடைத்ததே பெரிது, இதையெல்லாம் பேசலாமா?" என்று சிலர் கேட்பர். உயிர் தந்த மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் நாங்கள் என்றும் நன்றியுடையோம். ஆனால் நன்றி என்பது வலியை மறைப்பதாகாது. புறநோயாளர் பிரிவில் கூட்டம் மிகுதி, நேரம் குறைவு என்பதையும் அறிவோம். இருப்பினும், கை வீங்குகிறதா, விரல் மரக்கிறதா, மாத்திரையை ஒழுங்காக உண்ண முடிகிறதா, உறக்கம் வருகிறதா என்னும் நான்கு கேள்விகளுக்குச் சில நிமிடங்கள் போதும். அறுவைக்கு முன்பே இரு கைகளையும் அளந்து குறித்துவைத்து, ஒவ்வொரு வருகையிலும் ஒப்பிட ஒரு தையல் நாடாவே போதும். இப்பணியைச் செவிலியரே செய்யலாம்.

புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் அரசுத் திட்டம் 2023இல் முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களுள் ஈரோடும் ஒன்று. சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் துணைநிற்கிறது. 2021இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை மருத்துவத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இம்மூன்றையும் இணைத்து, சிகிச்சை முடித்த பெண்களின் பட்டியலை அந்தந்த ஊர்க் களப்பணியாளரிடம் அளிக்க வேண்டுகிறோம். பெருந்துறைக்கோ கோயம்புத்தூருக்கோ சென்றுவர ஒரு நாள் கூலியை இழக்கும் பெண்ணுக்கு, வீட்டிலேயே கை அளக்கப்படுவது பேருதவி.

குடும்பத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். எங்களை ஒன்றும் செய்யவிடாமல் அமர்த்தி வைப்பதும், முன்போலவே எல்லாவற்றையும் செய்யச் சொல்வதும் ஒருசேரத் துன்பமே. "இன்று கை எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள், பதிலைப் பொறுத்துக் குடத்தை நீங்கள் தூக்குங்கள். சகோதரியரே, அடுத்த மறுபரிசோதனைக்குச் செல்லுமுன் உங்கள் தொல்லைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்க மறந்தாலும், அத்தாளை அவர் முன் வையுங்கள்.